எண்ணும்மை

பக்கிரிசாமிக்குத் திருத்துறைப்பூண்டி கோர்ட்டில்
இரங்கல் கூட்டம் ஐந்து நிமிடம்.
என்னைப் பேசச் சொன்னார்கள்.
எப்போதும் எதிர்த்தரப்பில் நின்றவனுக்குத்தான்
அதிகம் தெரிந்திருக்குமாம்.
தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் கோட்டையில், சட்டத்துறையில் இருந்தார்.
மந்திரிகள் மேடையில் விதைத்ததைப்
பிரிவு பிரிவாக அறுத்துக்
கட்டுக் கட்டிக் களத்தில் போடுகிற வேலை.
சபைக் குறிப்பில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.
ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர்
பழைய கறுப்பு அங்கியை மறுபடி மாட்டினார்.
சொந்தச் செலவில் ஒரு கையேடு போட்டார், முந்நூறு பிரதி.
‘தண்ணீர் கசிந்தால் அது வரம்புரை அல்ல,
எலிவளை’ என்று அதில் ஒரு வரி.
பன்னிரண்டு ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன்.

முள்ளியாற்றுத் தென்கரையில்
உத்திராபதிக்கு ஒன்பது மா குத்தகை.
வலது கையை முழங்கைக்கு மேலே
கதிரடிக்கும் மெஷின் எடுத்துக்கொண்டது.
பிறகு மனைவியும் இரண்டு மகன்களும் நட்டார்கள், அறுத்தார்கள்.
அவர் இடது கையால் மடை திறந்தார்.

நான் நிலத்துக்காரருக்கு ஆஜர்.
சட்டத்தைப் பிரித்து மெதுவாகப் படித்தேன்:
‘சாகுபடிதாரர் என்பவர்
தம் உடலுழைப்பாலும் குடும்பத்தார் உழைப்பாலும்
பயிரிடுபவர்.’
ஆலும், ஆலும்.
எண்ணும்மை, கனம் நீதிபதி அவர்களே. இரண்டும் வேண்டும்.
ஒன்று போதுமென்றால் ஓகாரம் போட்டிருப்பார்கள்.
மடை திறப்பது உடலுழைப்பு ஆகாதென்று
பழைய தீர்ப்பு ஒன்றும் கையில் வைத்திருந்தேன்.

அது யார் எழுதிய வாசகம் என்று நீதிபதிக்குத் தெரியும்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
‘மிஸ்டர் பக்கிரிசாமி,
என்ன நினைத்து எழுதப்பட்டது இது?’
கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது.
ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
என் கட்சிக்காரரே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.
‘எழுதியவன் மனசு சாட்சியம் ஆகாது.
வாசகம்தான் பேச வேண்டும்’ என்றார்.
கையேடு, பக்கம் நாற்பத்தொன்று.
கூண்டுக்குப் பக்கத்தில் உத்திராபதி
கைகட்டி நிற்க முடியாமல் நின்றார்.

ஜெயித்தேன்.
பீஸோடு இரண்டு மூட்டை பொன்னி வந்தது.
சோறு நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் அவர் மகள்
காகிதக் கட்டுகளை பார் லைப்ரரிக்கு அனுப்பினாள்.
கரையான் தின்றதுபோக
சட்டத்துறைக்கு எழுதிய கடிதங்களின் நகல், பதினாறு.
மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும்
வருடா வருடம் ஜூன் பன்னிரண்டு தேதியிட்டு
ஒரே கோரிக்கை:
‘உழைப்பாலும்’ என வரும் இரு இடங்களிலும்
‘உழைப்பாலோ’ என மாற்றுக.
பதில் ஒன்றே ஒன்று. பரிசீலனையில் உள்ளதாம்.

கட்டின் அடியில் மூல வரைவு. பச்சை மை.
முதலில் ஓகாரம்தான் எழுதியிருக்கிறார்.
பிறகு அதை அடித்து, உம் போட்டு,
ஓரத்தில் பென்சிலில்:
‘ஓ, ஓ என்று ஒப்பாரி மாதிரி இழுக்கிறது.
உம் தான் நடைக்கு நல்லது.’

மேலிடத்து உத்தரவு இல்லை,
எவனும் காசு கொடுக்கவில்லை.
காதுக்கு நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது அன்று,
கோர்ட்டில் வாய்விட்டுப் படித்தபோது.

அடித்த சொல்லை ஒருமுறை படித்துப் பார்த்தேன், சத்தமாக.
உடலுழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ.
நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.
பூட்டுகிற நேரம் என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு
இன்னொரு வெளியேற்ற வழக்கு இருக்கிறது.
அதே பிரிவு.
இன்னும் உம் தான்.